பிளேசரில் எழுதலாமா? முடிவெடுக்க நான் பார்க்கும் வழி

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலைக்குப் புது மென்பொருள் எழுத வேண்டும். லாரி வந்து எடைமேடையில் ஏறுவதில் தொடங்கி ரகம், கழிவு, விலை, விவசாயி கணக்கில் பணம் போய்ச் சேருவது வரை எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. வேலையை எடுத்தது மூன்று பேர். கிருஷ்ணகிரியிலிருந்து நான், ஓசூரிலிருந்து ஒரு தம்பி, தருமபுரியிலிருந்து ஒரு அண்ணன். எதில் எழுதுவது என்று பேச ராயக்கோட்டை சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று, முடிவு வரவில்லை.

"பிளேசர்லயே போட்டுடலாம்க்கா. சர்வர், ஸ்கிரீன் ரெண்டும் சி ஷார்ப்லயே முடிஞ்சிடும்" என்றான் தம்பி. பிளேசர் என்பது மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் என்ற நிரல் தளத்தில் வலைப்பக்கம் எழுதும் வழி, அதன் மொழி சி ஷார்ப்.

"சில்வர்லைட் வந்தப்பவும் இதையேதான்பா சொன்னாங்க. மைக்ரோசாஃப்ட் அதை நட்டாத்துல விட்டப்ப நீ ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்திருப்ப" என்றார் அண்ணன். சில்வர்லைட், அதே கம்பெனி முன்பு பிரவுசருக்காகக் கொண்டுவந்து பிறகு நிறுத்திய தளம்.

இந்தச் சண்டை எங்கள் மூவருக்கும் புதிதில்லை. ஒரு கம்பெனி தன் தளத்தை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை வைத்துத்தான் எங்களைப் போன்ற சிறு ஆட்களின் பிழைப்பு நடக்கிறது. அதனால் குரல் உயர்வதில் தப்பில்லை. ஆனால் நம்பிக்கையையும் பழைய காயத்தையும் மோதவிட்டால் பேச்சு முடியவே முடியாது. பார்த்துச் சரிசெய்யக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. நான் அவற்றை எந்த வரிசையில் பார்க்கிறேன், எங்கே அதிக நேரம் செலவிடுகிறேன் என்பதை எழுதுகிறேன். பிளேசருக்காக எழுதினாலும் வேறு எந்தத் தளத்துக்கும் இதே வழிதான்.

முதலில், இந்த வழி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு இன்னொரு ஆலைக்கு, பிரவுசருக்குள் பிளக்-இன் ஆக, அதாவது தனியாகப் பொருத்தும் துணை நிரலாக, ஓடும் ஒரு தளத்தில் எடைச்சீட்டு மென்பொருள் எழுதினேன். திரை அழகாக இருந்தது. மே மாதம், பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு காலை ஏழு மணிக்கு எடைமேடைப் பையன் போன் செய்தான். "அக்கா, ஸ்கிரீன் வெள்ளையா இருக்கு." இரவோடு இரவாகப் பிரவுசர் தானாக அப்டேட் ஆகி, பிளக்-இன்னை நிறுத்தியிருந்தது. வெளியே பதினோரு லாரி. அன்று சாயங்காலம் வரை கார்பன் தாள் வைத்துக் கையால் சீட்டு எழுதினார்கள். எந்த நாளில் அது நிற்கும் என்பது மாதக்கணக்கில் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. நான் படிக்கவில்லை. தப்பு என்னுடையது. அந்தப் பதினோரு லாரி டிரைவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கைவிடுவது என்றால் எது என்று முதலில் கேளுங்கள்

"மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிடும்" என்று அண்ணன் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எப்படி கைவிடும்ணா?" என்பதுதான். இதில் இரண்டு வகை இருக்கிறது. வளர்ப்பதை நிறுத்துவது ஒன்று. ஓடுவதே நின்றுபோவது இன்னொன்று. பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், அங்கேதான் சண்டை முற்றும்.

அண்ணனே இதற்கு நல்ல உதாரணம். அவர் பதினைந்து வருடத்துக்கும் மேலாக, மைக்ரோசாஃப்ட்டின் பழைய வலைப்பக்கத் தளமான வெப் ஃபார்ம்ஸில் எழுதுகிறார். வெப் ஃபார்ம்ஸ் 2002-ல் டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்தது. 2016-ல் டாட்நெட்டைப் புதிதாக எழுதி டாட்நெட் கோர் என்று விட்டபோது அதைப் புதுவீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. பெரிய வளர்ச்சி அதோடு நின்றது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸின் ஒரு பகுதி. விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும்வரை அதற்கும் உண்டு. தருமபுரியில் அண்ணன் எழுதிக்கொடுத்த சீட்டுக் கம்பெனிக் கணக்கு இன்றும் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது, சாயங்காலம் மூடுகிறது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

சில்வர்லைட் கதை வேறு. 2007-ல் வந்தது. 2008-ல் இரண்டாம் பதிப்பில் பிரவுசருக்குள்ளேயே டாட்நெட் ஓடியது, எல்லோரும் பின்னால் ஓடினார்கள். 2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் பாப் மக்லியா, சில்வர்லைட் விஷயத்தில் தங்கள் உத்தி மாறிவிட்டது, எல்லாக் கருவிகளுக்கும் பிரவுசர்களின் பொது மொழியான எச்டிஎம்எல்தான் வழி என்ற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். அடுத்த ஜூனில் விண்டோஸ் 8-ஐக் காட்டியபோது எச்டிஎம்எல் 5, ஜாவாஸ்கிரிப்ட் என்று மட்டுமே பேசினார்கள். டெவலப்பர்கள் கொதித்தார்கள். 2011 டிசம்பரில் ஐந்தாம் பதிப்போடு நின்றது. ஆதரவு முடிந்தது என்னவோ 2021 அக்டோபர் 12-ல்தான். தேதியை மட்டும் பார்த்தால் பத்து வருட அவகாசம், தாராளம்தான். ஆனால் குரோம் 2015-லேயே பழைய பிளக்-இன்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, ஆனாலும் குரோமில் திறந்தவருக்கு மென்பொருள் ஓடவில்லை.

ஓடுவது யார் கையில் இருக்கிறது?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. நான் எழுதியது நாளைக் காலை ஓட வேண்டுமானால் யார் யார் தயவு வேண்டும்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஆலைக்குள் இருக்கும் சர்வரில் ஓடி, பிரவுசருக்கு வெறும் எச்டிஎம்எல் அனுப்பும் மென்பொருள் என்றால், சாவி பெரும்பாலும் நம் கையில். கம்பெனி நாளையே கடையை மூடினாலும் அந்த சர்வர் ஓடும். பாதுகாப்பு அப்டேட் வராது என்ற கவலை உண்டு, ஆனால் லாரி நிற்காது. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்றாலும் பயம் குறைவு. ஜாவாஸ்கிரிப்ட்டில் திரை எழுத உதவும் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது. 2016-ல் ஆங்குலர் 2 என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முற்றிலும் வேறாக எழுதினார்கள், பழையதற்கு 2021 டிசம்பர் 31-ஓடு ஆதரவை முடித்தார்கள். அதில் எழுதியவர்கள் நொந்துபோனார்கள், நியாயம்தான். ஆனால் அதில் எழுதிய பக்கம் இன்றும் திறக்கும், ஏனென்றால் அடியில் இருப்பது எல்லாப் பிரவுசருக்கும் பொதுவான ஜாவாஸ்கிரிப்ட்.

பிளக்-இன் என்றால் சாவி அதைச் செய்த கம்பெனி, பிரவுசர் என்று இரண்டு பேர் கையில். அடோபியின் ஃபிளாஷ் பிளக்-இன்னில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அடோபி 2017 ஜூலையில் அறிவித்தது, 2020 டிசம்பர் 31-ல் முடித்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓடவிடாமல் தடுத்தது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகப் பயம், கம்பெனியின் கிளவுடிலேயே ஓடும் சேவைகள்மீது. ஃபேஸ்புக் 2013-ல், மொபைல் செயலிகளின் சர்வர் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பார்ஸ் என்ற சேவையை வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப்போவதாகச் சொன்னது, 2017 ஜனவரியில் மூடிவிட்டது. ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள், சர்வர் நிரலையும் பொதுவில் வைத்தார்கள். அந்த அளவுக்கு நல்லவர்கள். ஆனால் ஒரு மாங்காய் சீசனில் சம்பாதித்து மறு சீசன் வரை ஓட்டும் ஆலைக்கு ஒரு வருடம் என்பது ஒன்றுமே இல்லை.

இப்போது பிளேசரை இந்தத் தாளில் வைத்தோம். சர்வர் வகை 2019 செப்டம்பரில் வந்தது. நிரல் முழுக்க சர்வரில் ஓடும், பிரவுசரில் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். வெப்அசெம்பிளி வகை 2020 மே மாதம் வந்தது. டாட்நெட்டே பிரவுசருக்குள் இறங்கும், ஆனால் பிளக்-இன் இல்லை. வெப்அசெம்பிளி என்பது வேறு மொழிகளில் எழுதிய நிரலையும் பிரவுசருக்குள் ஓடவிடும் வடிவம், 2019 டிசம்பர் முதல் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலை. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நான்கும் தாங்குகின்றன. மைக்ரோசாஃப்ட் பிளேசரை வளர்ப்பதை நிறுத்தலாம். ஆனால் பிரவுசர்கள் அதற்காக மட்டும் கதவைச் சாத்த வழியில்லை, சாத்தினால் வெப்அசெம்பிளியில் ஓடும் மற்ற எல்லாமும் சாகும். இதைச் சொன்னபோதுதான் அண்ணன் முதல்முறையாக டீயைக் கீழே வைத்தார். "சரி, சில்வர்லைட் மாதிரி இல்ல. வெப் ஃபார்ம்ஸ் மாதிரி ஆகலாம், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

மேடைப் பேச்சைத் தள்ளிவைத்துத் தேதியைப் பாருங்கள்

மாநாட்டில் பேசுகிறவர் எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும் அது ஆதரவுக் காலம் ஆகாது. டாட்நெட்டுக்கு வருடா வருடம் நவம்பரில் ஒரு பதிப்பு வருகிறது. இரட்டைப்படைப் பதிப்புகளுக்கு மூன்று வருட ஆதரவு. டாட்நெட் 6-க்கு 2024 நவம்பரில் முடிந்தது, 8-க்கு 2026 நவம்பரில் முடிகிறது, 10-க்கு 2028 நவம்பரில். சி ஷார்ப் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் இதை வாடிக்கையாளரின் வருடத்தோடு பொருத்திப் பார்க்கிறவர்கள் குறைவு.

நான் ஒரு கோடு போட்ட நோட்டில் செய்கிறேன். ஒரு பக்கத்தில் பத்து வருடம், ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஆலையில் சீசன் ஓடும் மே, ஜூன், ஜூலை கட்டங்களுக்கு மஞ்சள் அடிப்பேன். அந்த மாதங்களில் யாரும் எதையும் தொடக்கூடாது. ஆதரவு முடியும் மாதத்தில் சிவப்பு வட்டம். சிவப்பு வட்டத்துக்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரியில் பச்சை. அதுதான் புதுப் பதிப்புக்கு மாறும் மாதம். தை பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் மாமரம் பூவிலிருந்து பிஞ்சு பிடிக்கும்போது சோதனை முடிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் இந்த மென்பொருள்களுக்கு எட்டு, பத்து வருட ஆயுள் எதிர்பார்ப்பார்கள். அப்படியானால் பத்து வருடத்தில் குறைந்தது நான்கு பச்சைக் கட்டம். அந்த நான்குக்கும் இன்றைக்கே விலை போட வேண்டும். கொட்டேஷனில் அதைப் போடாமல் விட்டுவிட்டு, பிறகு கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்?

இதில் அதிக நேரம் செலவிட மாட்டேன், ஏனென்றால் பாதி ஊகம்தான். ஆனாலும் ஒரு தடவை பார்ப்பேன். ஃபேஸ்புக் தான் உருவாக்கிய ரியாக்ட் என்ற திரை எழுதும் நூலகத்தைத் தன் சொந்தப் பக்கங்களுக்கே பயன்படுத்துகிறது. கைவிட்டால் தன் கூரையும் சேர்ந்து இறங்கும். பிளேசரில் மைக்ரோசாஃப்ட் அந்த அளவுக்குச் சாய்ந்திருக்கவில்லை. டெவலப்பர்களுக்கான ஆஸ்பயர் என்ற கருவியின் டாஷ்போர்டு மாதிரிச் சிலவற்றைப் பிளேசரிலேயே செய்திருக்கிறார்கள், ஆனால் அது போனால் அவர்கள் தொழில் படுத்துவிடாது. தம்பிக்கு நான் இதைச் சொன்னபோது முகம் வாடியது. உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

நிரல் பொதுவில் இருக்கிறதே, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிற எம்ஐடி உரிமம்தானே என்றான். ஆமாம், அது பெரிய விஷயம்தான். சில்வர்லைட்டுக்கு அது இல்லை. 2021 அக்டோபரில் நடந்ததையும் மறக்கக்கூடாது. நிரலை மாற்றியவுடன் ஓடும் மென்பொருளிலேயே காட்டும் ஹாட் ரீலோட் வசதியைக் கட்டளை வரியிலிருந்து எடுத்துவிட்டு, நிரல் எழுதும் தன் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோவுக்கு மட்டும் என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. உலகம் முழுக்க டெவலப்பர்கள் எதிர்த்தார்கள், சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்தது. நிரல் திறந்திருந்ததால்தான் எடுக்கப்பட்டது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் கம்பெனி போன பிறகு அந்த நிரலை யார் பார்த்துக்கொள்வது? கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி என்று மூன்று பேர் சேர்ந்து, நாம் எழுதும் நிரலை ஓட்டும் டாட்நெட் ரன்டைமைப் பராமரிக்க முடியாது. அடோபி 2011 கடைசியில், ஃபிளாஷில் மென்பொருள் எழுத உதவிய ஃபிளெக்ஸைத் திறந்த நிரல்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அது நல்ல வீடுதான், ஆனாலும் அதை நம்பிப் புது வேலை தொடங்கியவர்கள் குறைந்துபோனார்கள். திறந்த நிரல் இருப்பதற்கு நான் மதிப்பெண் போடுவேன், முழு மதிப்பெண் போட மாட்டேன்.

வேலை நடக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள்

இத்தனையும் பேசிய பிறகு, மூன்று நாள் மாதிரி ஒன்று எழுதச் சொன்னேன். லோடு எடை, காலி எடை, ரகம், கழிவு, நிகர எடை. ஐந்து பெட்டிதான். தம்பி சர்வர் வகையில் எழுதிக்கொண்டு வந்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எடைமேடை அறைக்குப் போனோம்.

அந்த அறை எட்டுக்கு எட்டு இருக்கும். சன்னல் பக்கம் எடைக்கருவி, சிவப்பு எண்கள். மேசையில் பிசுபிசுவென்று மாம்பால் கறை. ஒரு லாரி மேடையில் ஏறியது. எடைமேடைப் பையன் லோடு எடையைத் தட்டினான், 14,620. ரகத்தில் பெங்களூரா என்று தேர்ந்தெடுத்தான். கழிவைத் தட்டப்போகும்போது நான் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன். திரை மங்கி, மீண்டும் இணைய முயல்வதாக நடுவில் ஒரு செய்தி வந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்து ஒயரைச் செருகினேன். தட்டியது எல்லாம் அப்படியே இருந்தது. தம்பி சிரித்தான்.

"இன்னொரு தடவை" என்று சொல்லி மறுபடி பிடுங்கினேன். இந்தத் தடவை ஐந்து நிமிடம் காத்திருந்தோம். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். செருகியபோது பக்கத்தைப் புதிதாக ஏற்றச் சொன்னது, ஏற்றினால் ஐந்து பெட்டியும் காலி. இணைப்பு அறுந்தால் சர்வர் அந்தப் பக்கத்தின் நிலையை வழக்கமாக மூன்று நிமிடம்தான் வைத்திருக்கும். அந்த நேரத்தை மாற்றலாம், ஆனால் ஜெனரேட்டர் ஏறும்வரை சர்வரே அணைந்துவிடும் இடத்தில் அது உதவாது. ஒவ்வொரு பெட்டியும் நிரம்பியவுடன் டேட்டாபேஸில் எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவானது. டீக்கடையில் இரண்டு மணி நேரம் பேசியதில் இந்தப் பிரச்சினை ஒருவர் வாயிலும் வரவில்லை.

வெப்அசெம்பிளி வகையைச் சந்தூர் பக்கம் ஒரு தோப்பில் விவசாயி ஒருவரின் போனில் திறந்து பார்த்தோம். முதல்முறை சில எம்பி இறங்க வேண்டும். சிக்னல் ஒரு கட்டை. அவர் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உரம் எடுக்கப் போய்விட்டார். விவசாயி பார்க்கும் பக்கத்தைச் சர்வரிலேயே செய்து, வெறும் எச்டிஎம்எல்லாக அனுப்புவது என்று அங்கே தீர்ந்தது.

சுவர் எங்கே எழுப்புவது

எந்தத் தளம் எடுத்தாலும் இதை மட்டும் விடாதீர்கள். நூறு கிலோவுக்கு எவ்வளவு கழிவு, அழுகல் அதிகமானால் விலை எப்படி இறங்கும், முன்பணம் வாங்கியவருக்கு எப்படிப் பிடித்தம் செய்வது என்பதெல்லாம் ஆலையின் அறிவு. அதைத் திரையின் நிரலுக்குள் ஒரு வரிகூட வைக்கக்கூடாது. தனியாக ஒரு நிரல் நூலகம், திரை எதையும் அறியாத சாதாரண சி ஷார்ப். திரைக்கு எண்ணைக் கொடுக்கும், எண்ணை வாங்கும், அவ்வளவுதான். எடைக்கருவி சீரியல் ஒயரில் அனுப்பும் எண்ணைப் படிக்கவும் தனியாக, பின்னணியில் ஓடும் ஒரு சின்ன விண்டோஸ் சர்வீஸ். குரோமிலேயே சீரியல் ஒயரைப் படிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதை எடுத்தால் மறுபடி சில பிரவுசர்களின் வாசலில் மட்டும் நிற்க வேண்டிவரும்.

இந்தச் சுவர் இருந்தால் பிளேசர் போனாலும் நாங்கள் திரும்ப எழுத வேண்டியது திரைகளை மட்டும்தான். எங்கள் கணக்கில் ஆறு வாரம். பழைய ஆலை மென்பொருளில் இந்தச் சுவர் இல்லை. அதனால்தான் அன்று எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

முதலாளியிடம் சொல்வது

"எத்தனை வருஷம் ஓடும்மா?" என்றுதான் கேட்பார்கள். பெரிய கம்பெனி, ஒன்றும் ஆகாது என்று சொல்லாதீர்கள். நான் நோட்டைத் திறந்து காட்டினேன். மஞ்சள் கட்டம் எதற்கு என்று சொல்லாமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பச்சையைத் தொட்டு, "இதுக்குத் தனிக் காசா?" என்றார். ஆமாங்க, இவ்வளவு ஆகும், இன்றைக்கே எழுத்தில் தருகிறோம் என்றேன். நிரலின் நகல் அவரிடம் ஒன்று, டேட்டாபேஸ் பேக்கப் தினமும் இரவு அவர் டிஸ்க்கில் ஒன்று. நாங்கள் மூவரும் இல்லாமல் போனாலும் வேறு யாரையாவது வைத்து ஓட்டிக்கொள்ள வேண்டும், அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்தோம்.

கொஞ்ச நேரம் யோசித்து, "போன தடவை மாதிரி லாரி நிக்காதில்ல?" என்றார். பதினோரு லாரி கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. அதற்குத்தான் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம் என்றேன்.

டாட்நெட் 10, பிளேசர் சர்வர் வகை, ஆலைக்குள்ளேயே சர்வர் என்று எழுதத் தொடங்கிவிட்டோம். கழிவுக் கணக்கு நூலகத்தை எழுதுவது அண்ணன். பிளேசர் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஆனால் அவர் எழுதும் பகுதிக்குப் பிளேசர் இருப்பதே தெரியாது. நோட்டில் முதல் பச்சைக் கட்டம் 2028 ஜனவரி. அதற்கு நேராகத் தம்பியின் பெயரை எழுதியிருக்கிறேன், அவன் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.